கம்போடியாப் பிள்ளை

பேத்தியா? இல்லம்மா, போன்ல இருக்கது பேத்தி இல்ல. இது கம்போடியா.

ஆமா, கம்போடியாப் பிள்ளதான். நல்லாப் பாரு. மடியில வச்சிருக்கது நான்தான். அன்னைக்குச் சேலைக் கொசுவம் சரியா வரல, அதைப் பாக்காத, பிள்ளை முகத்தைப் பாரு. அழுகா இல்லா? எப்படி அழுகா! அந்த அழுகைக்காகத்தான் நான் பிளேன் ஏறிப் போனேன்.

நீ நாகர்கோவில் வரைக்குமா? நல்லதாப் போச்சு. காதுல மாட்டியிருக்கத எடுத்துரு, இல்லன்னா இந்த பஸ் சத்தத்துல பாதி கேக்காது. நானும் அங்கதான் போறேன், ஒரு சபையில பெண்கள் கூட்டம், சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காவ. எங்க சபையில இந்த விஷயத்தைப் பத்தி ஒரு மாதிரிப் பேசுதாவ. நீ வெளியாளு. கேட்டுட்டு நீயே சொல்லு.

என் பேரு பியூலா. பாளையங்கோட்டையில பியூலா டீச்சர்னா தெரியாதவங்க கிடையாது. பள்ளிக்கூடத்துல ரிட்டயர் ஆயாச்சு, சண்டே ஸ்கூலை மட்டும் விடல. போன வருஷம் மிஷனரி ஞாயிறு அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு ஒரு வீடியோ போட்டாவ. கம்போடியாவுல ஒரு அநாதை இல்லம். பிள்ளைங்க கம்பி வழியா எட்டிப் பாக்குதுங்க, பின்னாடி வயலின். எனக்கு அப்படியே பாரம் வந்துட்டு. பாரம்னா தெரியும்லா? நெஞ்சுல அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி. எங்க வீட்டுக்காரரு செத்தப்பகூட எனக்கு அப்படி வரல, உண்மையைச் சொல்லுதேன். அன்னைக்கே ஐயருட்டப் பேரு குடுத்துட்டேன். எங்க பக்கம் குருவானவரை ஐயர்னுதான் சொல்லுவோம். "டீச்சர், உங்களுக்கு முட்டு வலி இருக்கே"ன்னாவ. "முட்டுதான வலிக்கி, மடி நல்லா இருக்குல்லா ஐயரே"ன்னேன். பேரை எழுதிக்கிட்டாவ.

கிளம்பினது ஒரு வேன் அளவு ஆளு. ஆனா நீ ரெண்டு பேரைத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும். ஒண்ணு ஹட்சன் அண்ணாச்சி, சமாதானபுரத்துல பெயிண்டுக் கடை வச்சிருக்காவ, அவியதான் எங்களுக்குத் தலைவர். இன்னொண்ணு வினிலா, நர்சு படிச்ச பிள்ள, சும்மா சும்மா கேள்வி கேக்கும். மத்தவங்க எல்லாம் போய் இறங்கின அன்னைக்கே ஏதோ நண்டைத் தின்னுட்டு வயித்துப்போக்குல படுத்துட்டாவ. கடைசி வரைக்கும் எந்திரிக்கல.

அந்த இல்லம் பெரிய பட்டணத்துல இருந்து தள்ளி, வயக்காட்டு நடுவுல. போய் வண்டி நிக்கதுக்குள்ள பிள்ளைங்க வரிசையா வந்து நின்னுட்டுங்க. டைரக்டர் முன்னாடி நிக்காரு. தாரான்னு பேரு. ஒல்லியா, தலை நடுவுல வழுக்கை, இஸ்திரி போட்ட சட்டை, சிரிச்ச முகம். அவரு கையைத் தூக்கினதும் பிள்ளைங்க பாட ஆரம்பிச்சுதுங்க. என்ன பாட்டு தெரியுமா? மலையாளப் பாட்டு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. "இது என்ன தாரா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். "இந்தியப் பாட்டு சிஸ்டர். உங்களுக்காக"ங்காரு. கோட்டயத்துக்காரங்க நமக்கு முந்தியே வந்து கத்துக்குடுத்துட்டுப் போயிட்டாவ. அதுக்கு மேல கொரியாப் பாட்டு, வெள்ளைக்காரப் பாட்டு எல்லாம் தெரியும் அந்தப் பிள்ளைங்களுக்கு. தமிழ்ல ஒண்ணுமே தெரியல. எவ்வளவு பின்தங்கிப்போய் இருந்திருக்குங்க பாரு.

யோனாவைப் பெரிய மீனு முழுங்கின கதை சொன்னேன். தலையணை உறையில மீனு தச்சுக் கொண்டு போயிருந்தேன். நான் மீனை எடுக்கதுக்கு முன்னாடியே முன்வரிசையில ஒண்ணு, "திரீ டேஸ்"ங்கு. மூணு நாளு உள்ள இருந்தாருன்னு முடிவைச் சொல்லிட்டு. இன்னொண்ணு மீனைப் பிடிச்சுப் பாத்துட்டு, "போன மீனு பெருசு"ன்னு சொல்லிச்சாம், வினிலா வந்து சொன்னா. நான் கண்டுக்கிடல.

ஹட்சன் அண்ணாச்சிக்குச் சுவத்து மேலதான் பாரம். சாப்பாட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சே தீரணும்னு பிரஷ், உருளை எல்லாம் கடையில இருந்தே கட்டிக் கொண்டு வந்துட்டாவ. தாரா, "ரொம்பச் சந்தோஷம், இந்தச் சுவர்தான்"னு காட்டினாரு. அண்ணாச்சி பழைய பெயிண்ட்டைச் சுரண்டினா, மஞ்சளுக்குக் கீழ நீலம், நீலத்துக்குக் கீழ ரோஸு, ரோஸுக்குக் கீழ பச்சை, சுரண்டச் சுரண்ட வந்துக்கிட்டே இருக்கு. சுவரு அந்தக் கனத்துக்குப் போயிட்டு. ஜன்னலைச் சாத்த முடியல, பெயிண்ட் வந்து முட்டுது. கிட்ட நின்ன ஒரு பொடிசு அண்ணாச்சி கையில இருந்த பிரஷை வாங்கி, இப்படிப் பிடிக்கணும்னு காட்டிக் குடுத்திட்டு. அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போச்சு. "டீச்சர், இதுக்கு மேல ஒரு கோட்டு அடிச்சா ஹால் சின்னதாயிரும்"னாவ. "அதுக்காக அவ்வளவு தூரம் வந்துட்டு அடிக்காமப் போறதா?"ன்னேன். அடிச்சாவ.

இப்பப் புஷ்பத்துக்கு வாரேன்.

அவ பேரு போபா. போபான்னா அங்க பூவுன்னு அர்த்தமாம். நம்ம புஷ்பந்தான, நான் புஷ்பம்னே கூப்பிட்டேன். சாயங்காலம், படுக்காத நாங்க மட்டும் நாற்காலியில வரிசையா உக்காரணும். ஆளுக்கு ஒரு பிள்ளையை விடுவாரு தாரா. எனக்குப் புஷ்பம் வந்தா. நேரா வந்து மடியில ஏறி, என் முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, "மம்மி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அழுதா பாரு! எனக்கு உள்ள இருந்த பாரம் எல்லாம் உருகிப் போச்சு. அப்பத்தான் வினிலா போட்டோ எடுத்தா, நீ பாத்தியே, அதுதான். பெறகு ஒரு மணி அடிச்சாங்க. மணிச் சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கிப் போய்ப் பாண்டி ஆட ஆரம்பிச்சுட்டா. அந்த அடக்கத்தைப் பாரேன். மனசுக்குள்ள அவ்வளவு துக்கத்தை வச்சுக்கிட்டு, மணி அடிச்சா விளையாடுதா. நம்ம ஊர்ப் பிள்ளைங்களை மணி அடிச்சு நிறுத்த முடியுமா?

வினிலா சொன்னா, "டீச்சர், எல்லாப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல அழுது ஒரே நேரத்துல நிறுத்துதுங்க, கவனிச்சியளா?"

"ஒழுங்கு"ன்னேன். வேற என்ன சொல்ல?

தினமும் சாயங்காலம் இப்படி. எனக்கு வேற நினைப்பே கிடையாது. காலைல எந்திரிச்சா எப்ப சாயங்காலம் ஆகும்னு இருக்கும்.

அப்புறம் சனிக்கிழமை வந்துச்சு. ஹாலுக்கு வெளிய நின்னு பெயிண்ட் காயுதான்னு பாத்துக்கிட்டு இருக்கோம். பின்வாசல் வழியா ஒரு பொம்பள மோட்டார் சைக்கிள்ல வாரா. தலையில தொப்பி, முகத்துல துணி, கண்ணு மட்டுந்தான் தெரியுது. புஷ்பம் ஓடிப் போய்ப் பின்னாடி ஏறுதா. வண்டி போயிட்டு. "அண்ணாச்சி! பிள்ளையைக் கடத்திக்கிட்டுப் போறாவ!"ன்னு போட்டேன் ஒரு சத்தம்.

ஹட்சன் அண்ணாச்சி பெயிண்ட் உருளையோட ஓடி வந்துட்டாவ. வினிலா, "டீச்சர், தாராட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்"ங்கா. கேக்க நேரமா அது? ரோட்டுல நின்ன ஆட்டோல ஏறி, முன்னாடி கையைக் காட்டி, "போ, போ"ன்னேன். நம்ம ஆட்டோ மாதிரி இல்ல, பைக்குக்குப் பின்னாடி ஒரு வண்டியைக் கட்டி விட்டிருப்பாங்க. குலுக்கின குலுக்குல என் முட்டு இங்க வந்துட்டு. அண்ணாச்சி உருளையை வெளிய நீட்டிக்கிட்டே வாராவ, அதுல இருந்து வழி நெடுக பெயிண்ட் சொட்டுது. எதுக்குன்னா, திரும்பி வர வழி தெரியணுமாம். அந்த நேரத்துலயும் அவியளுக்கு அந்த யோசனை வந்திருக்கு பாரு.

ஒரு வீட்டு முன்னாடி அந்த மோட்டார் சைக்கிள் நிக்கி. மரக்காலு மேல நிக்கித வீடு. கீழ நிழல்ல ஒரு ஊஞ்சத் தொட்டிலு, அதுல ஒரு ஆம்பள படுத்திருக்கான். அவன் வயித்து மேல புஷ்பம். வாயில சோளக்கதிரு. அந்தப் பொம்பள அந்தப் பக்கம் உக்காந்து மீனு அறுத்துக்கிட்டு இருக்கா.

நான் நேரே போய்ப் பிள்ளையைத் தூக்கிட்டேன். கர்த்தர் அந்த நேரத்துல அவ்வளவு பெலன் குடுத்தாரு. பிள்ள என்ன செஞ்சா தெரியுமா? கடிச்சுப்போட்டா. இந்தா பாரு, இன்னும் தடம் இருக்கு. அந்தப் பொம்பள மீனு அறுக்க கத்தியோட எந்திரிச்சா. அண்ணாச்சி, "டீச்சர், கத்தி! டீச்சர், கத்தி!"ங்காவ. ஒரு கையை அவ இழுக்கா, ஒரு கையை நான் இழுக்கேன். சாலமோன் ராஜா கதைல வருமே, அதே மாதிரி. அதுல ஒரு பிள்ளைக்கு ரெண்டு பொம்பளைங்க சண்டை போடுவாவ, உண்மையான தாய் விட்டுக்குடுத்துருவா. இங்க நானும் விடல, அவளும் விடல.

வினிலாதான் ஓடி வந்து போனை எடுத்தா. அதுல நாம இங்கிலீஷ்ல பேசினா அவங்க பாஷையில சொல்லும். நான், "இது கர்த்தருடைய பிள்ளை"ன்னு இங்கிலீஷ்ல, 'லார்ட்'னு போட்டுச் சொன்னேன். போன் என்னத்தச் சொல்லித் தொலைச்சுதோ, அந்த ஆம்பள ஊஞ்சல்ல இருந்து குதிச்சு எந்திரிச்சு அந்தப் பொம்பளையைப் பாத்து ஏதோ கேக்கான். அவ தலையில தலையில அடிச்சுக்கிடுதா. வினிலா போனைத் திருப்பிப் பாத்துட்டு, "டீச்சர், கர்த்தரை இது வீட்டு ஓனர்னு மாத்திட்டு. இது வீட்டு ஓனரோட பிள்ளைன்னு சொல்லிட்டு"ங்கா. அதைச் சரி பண்ணவே ரொம்ப நேரம் ஆச்சு.

அப்புறந்தான் விஷயம் தெரிஞ்சுது. அந்தப் பொம்பள புஷ்பத்தோட அம்மா. படுத்திருந்தது அப்பா. நான் நம்பல. யாரு வேணும்னாலும் அம்மான்னு சொல்லலாமே. அவ முகத்துத் துணியை எடுத்துட்டுப் பிள்ளையைப் பக்கத்துல நிறுத்திச் சிரிச்சுக் காட்டினா. ரெண்டுக்கும் ஒரே பல்லு, முன்னால ஒண்ணு மேல ஒண்ணு ஏறின பல்லு. அதுக்கு மேல என்ன சொல்ல முடியும்?

அப்பாவுக்குத் தாய்லாந்துல கட்டட வேலையாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா உண்டு. அன்னைக்குக் காலைல வந்திருக்கான், மறுநாள் விடிஞ்சதும் பஸ் ஏறணும். சனிக்கிழமைன்னா பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருமாம். நாங்க வந்திருக்கோம்னுதான் அந்த வாரம் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு தாரா. அப்பா வந்திருக்காரேன்னு அம்மாக்காரி சொல்லாமக் கொள்ளாமக் கூட்டிட்டு வந்துட்டா. பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம், இங்கிலீஷ் சொல்லிக் குடுக்காவ, கறி போடுதாவ, அதான் இல்லத்துல விட்டிருக்கோம்னு சொன்னா.

எனக்கு எது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சுன்னு நினைக்க? அப்பன் மடியில உக்காந்து புஷ்பம் அழவே இல்ல. ஒரு சொட்டு? கிடையாது. காலை ஆட்டிக்கிட்டு, அவன் மூக்கைப் பிடிச்சுத் திருகிக்கிட்டு, சோளத்தைத் துப்பிக்கிட்டு. என் மடியில அப்படி அழுத பிள்ள! அன்பு எங்க கிடைக்குன்னு அதுக்கே தெரியல, பாவம்.

சோறு சாப்பிட்டுத்தான் போகணும்னுட்டா அந்தப் பொம்பள. நல்ல பொம்பளதான். பிள்ளையைப் பறிக்க வந்தவங்களுக்கு மீனு வறுத்துப் போட்டா. போன் வழியா என்னைய, "உங்களுக்கு எத்தனை பிள்ளை?"ன்னு கேட்டா. "ஒரே மகன். டொரண்டோல இருக்கான்"ன்னேன். "கூட இருந்து வளத்தியளா?"ங்கா. எதுக்கு மறைக்க? எனக்கு அப்ப வேலை சாத்தான்குளம் பக்கம், அவரு திருச்சியில. ஒண்ணாங் கிளாஸ்லயே நல்ல மிஷன் போர்டிங்ல சேத்துட்டோம், நல்ல சாப்பாடு, நல்ல இங்கிலீஷ், அங்க படிச்சதாலதான் இன்னைக்கு டொரண்டோன்னு சொன்னேன். அவ போனைக் கையில வாங்கி மெதுவா ஏதோ கேட்டா. போன் சொல்லிச்சு: "அப்படின்னா உங்க மகனும் அநாதை இல்லத்துலயா இருந்தாரு?"

எப்படி இருக்கும் எனக்கு? போர்டிங்குக்கும் அநாதை இல்லத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கம்மா. "இல்ல, அது வேற"ன்னேன். வினிலா அதை மாத்திச் சொல்லாம என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. "சொல்லுட்டி"ன்னேன். சொன்னா. அந்தப் பொம்பள தலையை ஆட்டிட்டு இன்னொரு மீனை என் தட்டுல வச்சா.

அப்பத்தான் தாரா பைக்ல வந்து சேந்தாரு. சட்டை எல்லாம் வேர்வை. பெயிண்ட் சொட்டுப் பாத்து வந்தேன்னாரு. வந்ததும் என் முன்னாடி கையைக் கூப்பினாரு. "மன்னிச்சிருங்க சிஸ்டர். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அவளுக்கு அப்பா இருக்காரு. நாளைக்கு இருக்க மாட்டாரு"ங்காரு. பெறகு அந்த ஆம்பளைட்ட அவங்க பாஷையில என்னமோ சொன்னாரு. அவன் உள்ள போனான். பிள்ளையோட இல்லத்துக் கவுனை எடுத்துட்டு வந்து, வீட்டுக் கவுனைக் கழட்டி, அவனே மாட்டி விட ஆரம்பிச்சான். பொத்தானைத் தப்புத் தப்பாப் போடுதான். பிள்ளை கையைத் தூக்கிக் குடுக்கா.

"டீச்சர், விட்டுருங்க, டீச்சர்"ன்னா வினிலா. அழுதுருவா போல இருக்கு.

நான் யோசிச்சேன். பிள்ளை கடிக்கி வேற. "இன்னைக்கு லீவு. நாளைக்கும் லீவு"ன்னுட்டேன். நான்தாம்மா சொன்னேன், வேற யாரும் சொல்லல. டீச்சரா இருந்தவ, லீவு விட எனக்குத் தெரியாதா? அவன் போட்ட பொத்தானை எல்லாம் திரும்ப அவுத்தான்.

திரும்பி வாரப்ப தாரா எங்க வண்டியில ஏறிக்கிட்டாரு. அண்ணாச்சி அவரு பைக்கை ஓட்டிக்கிட்டு வந்தாவ. எனக்குப் பொறுக்கல. "தாரா, உள்ளதைச் சொல்லுங்க. மத்தப் பிள்ளைங்களுக்கும் அப்பா அம்மா உண்டா?"ன்னேன். ரோட்டைப் பாத்துக்கிட்டே, "உண்டு சிஸ்டர்"ன்னாரு. "எல்லாருக்குமா?" "சில பேருக்கு அம்மா மட்டும். முன்னாடி நிஜமான அநாதைப் பிள்ளைங்க நிறைய இருந்தாங்க. வளந்து, கல்யாணம் பண்ணிப் போயிட்டாங்க. இப்ப இந்தப் பக்கம் அவ்வளவா இல்ல. நல்ல விஷயந்தான? ஆனா பாக்க வாரவங்க நிக்கல சிஸ்டர். வருஷா வருஷம் கூடத்தான் செய்யுது."

"அப்ப அந்த இல்லத்துல யாருதான்யா அநாதை?"ன்னு கேட்டேன். கோவத்துலதான் கேட்டேன்.

அவரு வகுப்புல பிள்ளைங்க தூக்குமே, அது மாதிரி ஒரு கையைத் தூக்கினாரு. "நான் சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. வினிலா சிரிக்கல.

அங்க ஒரு கொடுங்காலம் இருந்துச்சாம், ஊரு ஊரா ஜனங்க செத்த காலம். இவரு அப்பக் கைப்பிள்ள. அப்பா அம்மா எப்ப, எங்க செத்தாங்கன்னு சொல்லக்கூட ஆளு இல்ல. யாரோ தூக்கிக்கிட்டுப் போயி எல்லையில அகதி முகாம்ல விட்டிருக்காவ. "கொஞ்சம் விவரம் தெரிஞ்ச பெறகு, முகாமுக்கு ஒரு வெளிநாட்டு அம்மா வந்தாங்க சிஸ்டர். என்னைத் தூக்கி மடியில வச்சாங்க. சோப்பு வாசனை இன்னும் ஞாபகம் இருக்கு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்கு அழணும்னு தெரியல. சும்மா உக்காந்திருந்தேன். அவங்க இறக்கி விட்டுட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினாங்க. அவன் நல்லா அழுதான். ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க." அதைச் சொல்லிட்டு, "அதான் நம்ம பிள்ளைங்களுக்கு மொதல்லயே சொல்லிக் குடுத்துருவேன்"னாரு.

"உங்களுக்கு இப்ப வயசு என்ன?"ன்னேன். "அம்பதைத் தாண்டியாச்சு." "அம்பது வயசுல என்னய்யா அநாதை?" "நானும் அப்படித்தான் நினைச்சேன் சிஸ்டர், ஒரு வயசுக்கு மேல சரியாயிரும்னு"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. நான் முட்டுல கையை வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சேன், எனக்கு வலி.

மறுநாள் ஞாயிறு. அன்னைக்கு நாங்க கிளம்பணும். வழியனுப்புத கூட்டம் போட்டாவ. படுத்திருந்தவங்களை எல்லாம் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து நாற்காலியில வச்சாச்சு. ஆளுக்கு ஒரு பிள்ளை மடிக்கு வந்துட்டு. என் மடி காலி, புஷ்பந்தான் இல்லையே. ஹட்சன் அண்ணாச்சி வீடியோ எடுக்காவ, "டீச்சருட்ட யாராவது இருங்கப்பா, வரிசை நடுவுல பொக்குன்னு இருக்கு"ங்காவ. தாரா சுத்திச் சுத்திப் பாத்தாரு. மிச்சம் பிள்ளை கிடையாது. எதுவும் குறையா இருந்தா அவருக்குத் தாங்காது. ஓடி வந்து என் காலடியில பாயில உக்காந்துட்டாரு, வரிசை கெடக் கூடாதுன்னு. தலை என் முட்டுக்கு நேரா இருக்கு. பாட்டு ஆரம்பிச்சுட்டு. மூணாவது சரணத்துல பிள்ளைங்க எல்லாம் அழணும், அழுதுங்க. அவரும் தலையை என் முட்டுல சாய்ச்சாரு. நான் அவரு தலையில கையை வச்சேன். எங்க வைக்க? அங்கதான் வைக்கணும். வழுக்கை சூடா இருந்துச்சு.

பாட்டு முடிஞ்சுது. மணி அடிச்சாங்க. பிள்ளைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சாப்பிட ஓடிட்டுங்க. தாரா எந்திரிக்கல.

சத்தமே இல்லம்மா. பிடரி மட்டும் ஆடுது. என் சேலை நனைஞ்சு, முட்டு வரைக்கும் ஈரம் இறங்குது. புஷ்பம் அழுதப்ப எல்லாம் சேலை நனைஞ்சதே இல்லைன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஏதாவது ஆறுதலாச் சொல்லணும்லா? இத்தனை வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்திருக்கேன், ஒரு வசனம் வாயில வரல. "அழுய்யா, அழு"ன்னு தமிழ்லயே சொன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ.

பிள்ளைங்க சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்து சுத்தி நின்னுதுங்க. டைரக்டருக்கு மணி கேக்கலபோலன்னு நினைச்சு ஒரு பிள்ள ஓடிப்போய் இன்னொரு தடவை அடிச்சா. அவரு நிறுத்தல. திரும்ப அடிச்சா. ஓங்கி ஓங்கி அடிக்கா. கடைசியில மணியைக் கழட்டியே கொண்டு வந்து அவரு காதுகிட்ட வச்சு அடிக்கா! வினிலா அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

வேன்காரன் ஹாரன் அடிக்கான். அண்ணாச்சி வாசல்ல நின்னுக்கிட்டு, "டீச்சர், பிளேன்!"ங்காவ. நான் கையை எடுத்தா அந்த மனுஷன் தலையைத் தூக்கணும். தூக்கினா இத்தனை பிள்ளைங்க முன்னாடி முகத்தைக் காட்டணும். எப்படிம்மா எடுக்க? "நீங்க போங்க அண்ணாச்சி"ன்னேன். "உங்களை விட்டுட்டு எப்படிப் போக?"ங்காவ. யாரும் போகல. முட்டு மரத்துப் போச்சு, காலு இருக்கா இல்லையான்னே தெரியல. நான் அசையல.

பிளேன் போயிட்டு.

அவரு எந்திரிச்சப்ப வெயில் சாய்ஞ்சுட்டு. கைக்குட்டையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, என் சேலையைப் பாத்துட்டு, "நனைச்சிட்டேன் சிஸ்டர்"னாரு. "காஞ்சுரும்"ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. உடனே எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு பண்ண ஓடிட்டாரு.

ஊருக்கு வந்ததும் கமிட்டி கூடிட்டு. அத்தனை பேருக்கும் பிளேன் தவறிட்டே, சும்மா விடுவாங்களா? ஐயரு நடுவுல, ரெண்டு பக்கமும் பெரியவங்க. அண்ணாச்சியும் வினிலாவும் என்னையே பாக்காவ.

"டீச்சர், எதனால லேட்டு?"ன்னாவ ஐயரு.

"ஒரு அநாதைப் பிள்ளை அழுதுக்கிட்டு இருந்துச்சு ஐயரே. விட்டுட்டு வர மனசில்ல."

அவியளுக்கு முகம் இளகிட்டு. மேசையைச் சுத்தி எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லுதாவ. "பிள்ளை பேரு என்ன டீச்சர்?"

"தாரா."

"தாராவா! நல்ல பேரு. சின்னப் பொண்ணோ?"ன்னாவ.

ஹட்சன் அண்ணாச்சிக்கு இருமல் வந்துட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

"ஆமா ஐயரே"ன்னேன். "சின்னப் பிள்ளதான்."